தலைக்கட்டு எண்ணிய கணக்குகள்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் பூர்வீகம் தேட ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டை ஊரில் ‘மேக்கத்தியார் வீடு’ என்றுதான் சொல்வார்கள். பாலக்கோடு பக்கம் ஒரு சின்னக் கொட்டாய், அதாவது காட்டோரக் குக்கிராமம். மேற்கே எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று ஆயாவை, அதாவது என் பாட்டியை, கேட்டால், “தாது வருசத்துல கஞ்சிக்கு இல்லாம வந்தவங்கன்னு எங்க மாமியார் சொல்லும். அதுக்கு மேல எனக்கு யாரு சொன்னா?” என்பார். அந்த ஒரு வரிதான் என் கையில் இருந்த முதல் ஆவணம். அதைப் பிடித்துக்கொண்டு தேடியதில் இன்று ஐந்து தலைமுறைப் பெயர்களும் மூன்று ஊர்களும் என் நோட்டில் இருக்கின்றன. எது பலன் தந்தது, எது நாளைத் தின்றது என்பதை இரண்டு மாவட்டத்துக்காரர்களுக்கும் உதவும்படி எழுதுகிறேன்.

சென்சஸில் பெயர் கிடைக்காது

இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பல மாதம் மிச்சம். இங்கிலாந்தில் நூறு வருடம் கழித்துப் பழைய சென்சஸ் படிவங்களையே பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921 படிவங்கள் 2022ல் வெளிவந்தன. அமெரிக்காவில் 72 வருடம். யூடியூபில் பூர்வீகம் தேடுவது பற்றி வரும் வீடியோக்களில் பாதி அந்த நாடுகளை வைத்து எடுக்கப்பட்டவை. அதைப் பார்த்துவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்குப் போய் ‘1931 சென்சஸில் எங்கள் தாத்தா பெயர் வேண்டும்’ என்று கேட்டால் யாராலும் தர முடியாது. 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி வீடு வீடாக நிரப்பிய படிவங்களை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது.

அப்படியானால் சென்சஸ் எதற்கு? அது ஆளைச் சொல்லாது, ஊரைச் சொல்லும். எந்தப் பத்தாண்டில் ஊர் பெருத்தது, எப்போது மெலிந்தது, எத்தனை வீடு, எத்தனை பேருக்கு எழுத்து தெரியும், எத்தனை பேர் சொந்த நிலத்தில் உழுதார்கள், எத்தனை பேர் கூலிக்குப் போனார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பெயர்கள் வேறு கணக்குகளில் இருக்கின்றன: நிலவரிக்காக எழுதியது, கோயில் வரிக்காக எழுதியது, ஓட்டுக்காக எழுதியது, மொய்க்காக எழுதியது. நம் ஊர்களில் ‘தலைக்கட்டு’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது குடும்பத்தை எண்ணுகிற அலகுதான். இந்தக் கணக்குகளை சென்சஸ் சொல்லும் ஊர்க்கதையோடு சேர்த்துப் படிப்பதுதான் இந்த வேலையின் முழு முறை.

முதல் படி: வயதானவர்களிடம் வருடம் கேட்காதீர்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொண்டு வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். ‘எந்த வருஷம் பொறந்தீங்க’ என்று கேட்டால் ஆதாரில் இருப்பதைச் சொல்வார்கள். அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதிய தேதி; சேர்க்கும் வயதுக்குத் தோதாக மே, ஜூன் மாதத்தில் ஒரு நாள். அதற்குப் பதிலாக ஊர் நினைவுகளோடு கட்டிக் கேளுங்கள். மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை ஒரு குறுகிய பாதை ரயில் ஓடியது. 1941ல் அது நின்றுவிட்டது. ‘அந்தக் குட்டி ரயிலைப் பார்த்திருக்கீங்களா’ என்று கேட்டபோது, அப்பன் தோளில் உட்கார்ந்து பார்த்ததாக ஆயா சொன்னார். ஆக, அவர் பிறந்தது 1930களின் நடுவிலோ அதற்குச் சற்று முன்போ இருக்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்களுக்கு 1950களில் கே.ஆர்.பி. அணை கட்டியது நல்ல அடையாளம். முதல் ஓட்டு யாருக்குப் போட்டார்கள், சேலம் ஜில்லா தருமபுரி ஜில்லாவானபோது கையில் எந்தக் குழந்தை இருந்தது என்று கேட்டுக்கொண்டே போகலாம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அது ஒரு வசதி. எந்தப் பதிவிலும் ஒருவர் பெயரோடு அப்பா பெயர் இருக்கும். ஒவ்வொரு தாளும் ஒரு தலைமுறை பின்னால் கூட்டிப் போகும். ஆனால் பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒன்று விட்டு ஒன்று திரும்பி வரும். தாத்தாவின் தாத்தாவையும் தாத்தாவையும் ஒரே ஆளாக நினைத்து நான் ஒரு வருடம் தவறான கிளையில் ஏறிக்கொண்டிருந்தேன். அதனால் பெயரை மட்டும் எழுதாதீர்கள். ‘இன்னார் மகன் இன்னார், இன்ன ஊர், இன்ன சர்வே எண்’ என்று நாலும் சேர்த்து எழுதுங்கள்.

இன்னொன்று: கொட்டாயின் பெயரையே கவனியுங்கள். நம் இரண்டு மாவட்டங்களிலும் ஊரை விட்டுத் தள்ளிக் காட்டிலேயே வீடு கட்டிக்கொண்டவர் பெயரில்தான் பல கொட்டாய்கள் இருக்கின்றன. ‘இன்னார் கொட்டாய்’ என்றால் அந்த இன்னார் யாரோ ஒருவருக்குப் பாட்டன். சில குடும்பங்களுக்கு மூதாதை பெயர் பஸ் நிறுத்தத்துப் பலகையிலேயே எழுதியிருக்கிறது.

இரண்டாம் படி: உங்கள் ஊர் எந்த ஊரில் இருக்கிறது?

கேள்வி விசித்திரமாகப் படலாம், ஆனால் தேடல்கள் அதிகம் கெடுவது இங்கேதான். நாம் ஊர் என்று சொல்வது குக்கிராமம். அரசுக் கணக்கு வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பத்துப் பதினைந்து கொட்டாய்கள் அடங்கும். உங்கள் பட்டாவை எடுத்துப் பாருங்கள். மேலே மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமம் மூன்றும் இருக்கும். அந்தப் பெயர்தான் சாவி. சென்சஸும் அந்தப் பெயரில்தான் எண்ணியிருக்கிறது.

அடுத்தது எழுத்துக்கூட்டல். நம் பக்கம் ‘அள்ளி’ என்று முடியும் ஊர்கள் ஏராளம். கன்னடத்து ‘ஹள்ளி’யும் தமிழ்ப் ‘பள்ளி’யும் கலந்து புழங்கும் நிலம் இது. மாரண்டஅள்ளியை ஆங்கிலத்தில் ஒருவர் ஹள்ளி என்றும் ஒருவர் அள்ளி என்றும் எழுதியிருப்பார். கிருஷ்ணகிரியே பழைய கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காகிதங்களில் ‘கிஸ்ட்னகெரி’. இணையத்தில் தேடும்போது ஊர்ப் பெயரை நாலைந்து விதமாக எழுதிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

மூன்றாவது, ஜில்லா எல்லை. இதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மூன்றாம் மைசூர்ப் போருக்குப் பிறகு 1792ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால், அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தின் பழைய சீமை, கும்பினியார் கைக்குப் போனது. ஓசூர்ப் பக்கம் 1799ல் திப்பு இறந்த பிறகு வந்தது. அதன் பின் 1965 வரை எல்லாம் சேலம் ஜில்லா. 1965 அக்டோபர் 2 அன்று தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 அன்று அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதனால் 1951, 1961 கணக்குகளுக்குச் சேலம் மாவட்டக் கையேட்டையும், 1971 முதல் 2001 வரை தருமபுரிக் கையேட்டையும் திறக்க வேண்டும். ஓசூர்க்காரரானாலும் ஊத்தங்கரைக்காரரானாலும் கிருஷ்ணகிரி என்ற தலைப்பில் உங்கள் ஊர் 2011ல்தான் முதன்முதலாக வரும். தாலுகாவும் மாறியிருக்கும். நல்லம்பள்ளி, காரிமங்கலம், பர்கூர், சூளகிரி, அஞ்செட்டி எல்லாம் பிற்பாடு பிரிந்த வட்டங்கள். பழைய கணக்கில் தாய்த் தாலுகாவின் பெயரில் தேட வேண்டும்.

மூன்றாம் படி: சென்சஸ் கையேட்டைப் படிக்கும் விதம்

இந்திய சென்சஸ் துறையின் இணையதளத்தில் பழைய அறிக்கைகள் பிடிஎஃப் ஆக, இலவசமாகக் கிடைக்கின்றன. ‘மாவட்ட சென்சஸ் கையேடு’ என்ற வரிசைதான் நமக்கு வேண்டியது. 1951 முதல் கிராமவாரியாக எண்கள் வருகின்றன. அதற்கு முந்தைய காலத்துக்கு மாகாண அறிக்கைகளில் தாலுகா அளவில்தான் பெரும்பாலும் கிடைக்கும். மெட்ராஸ் மாகாணத்தின் முதல் முறையான கணக்கெடுப்பு 1871ல் நடந்தது. நாடு முழுக்க ஒரே காலத்தில் எண்ணியது 1881ல். சாதிவாரியான விரிவான அட்டவணைகள் 1931 வரை இருக்கின்றன. 1951 முதல் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை மட்டும். பழைய அட்டவணைகளில் சாதிப் பெயர்கள் வெளியார் வைத்த, பல நேரம் இழிவான சொற்களில் இருக்கும். உங்கள் மக்கள் இன்று சொல்லிக்கொள்ளும் பெயரை மட்டும் தேடினால் கண்ணில் படாமல் போகும். படிக்க மனம் வலிக்கும், ஆனாலும் தேடத்தான் வேண்டும்.

எண்களை எப்படிக் கதையாக்குவது என்பதற்கு எங்கள் ஆயா சொன்ன தாது வருடமே நல்ல எடுத்துக்காட்டு. தாது என்பது பெரும் பஞ்சம் வந்த 1876-77. சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871ல் ஏறக்குறைய 19.7 லட்சம்; 1881ல் சுமார் 16 லட்சம். பத்து வருடத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள். பசியாலும் காலராவாலும் செத்தவர்கள், வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் எல்லாம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறார்கள். ‘கஞ்சிக்கு இல்லாம வந்தவங்க’ என்ற ஒரு குடும்பத்தின் வாய்ச்சொல்லுக்கு ஒரு ஜில்லாவே சாட்சி சொல்வதை அந்தப் பக்கத்தில் பார்த்தபோது, நான் வெகு நேரம் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

கையேட்டில் உங்கள் வருவாய்க் கிராமத்தின் வரியைக் கண்டுபிடித்து, பத்தாண்டுக்கு ஒரு வரியாக நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: வீடுகள், ஆண், பெண், எழுத்தறிந்தவர், சாகுபடி செய்தவர், விவசாயக் கூலி. திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ அந்த இடத்தில் கோடு போடுங்கள். கிராம அடைவு என்ற பகுதியில் பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், குடிநீர், சாலை வசதி எல்லாம் இருக்கும். பள்ளிக்கூடம் எந்தக் கையேட்டில் முதலில் வருகிறதோ, அதற்கு அடுத்த தலைமுறையைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் தேடலாம் என்று பொருள். ஊரில் குடியே இல்லை என்று சில கிராமங்களைக் குறித்திருப்பார்கள். அப்படி ஒன்று உங்கள் குடும்பக் கதையில் வந்தால், அந்த மக்கள் எங்கே இடம்பெயர்ந்தார்கள் என்று பக்கத்து ஊரில் கேளுங்கள்.

இதோடு இரண்டு பழைய நூல்களையும் படித்துவிடுங்கள்: லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்ட மேனுவல் (1883), ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் கெசட்டியர் (1918). இரண்டும் இணைய நூலகங்களில் உண்டு. தாலுகா தாலுகாவாக ஊர்கள், பாளையங்கள், பஞ்சம் எல்லாம் விரிவாக இருக்கும்.

நான்காம் படி: நிலக் கணக்கு, பெயர்கள் புதைந்திருக்கும் இடம்

ரயத்துவாரி முறைக்கு வித்து போட்ட மண் இது. 1792ல் பாராமகாலுக்கு முதல் கலெக்டராக வந்த ரீடும், அவருக்கு உதவியாளராகத் தருமபுரியில் தங்கி வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராக நிலத்தை அளந்து, உழுகிற குடியானவனோடு நேராக வரி பேசினார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு அரசும் உழுதவன் பெயரை எழுதி வைக்க வேண்டியதாயிற்று. வரிக்காக எழுதிய அந்தப் பெயர்கள்தான் இன்று நமக்குத் துணை.

இன்றிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். இப்போதைய பட்டாவில் உள்ள சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிலங்களின் பட்டியலான ‘அ’ பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேராகப் பழைய சர்வே எண் இருக்கும். 1979ல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில்தான் இன்றைய உட்பிரிவுகளும் பட்டா எண்களும் ஒழுங்கானது. அதனால் யு.டி.ஆருக்கு முன், பின் என்று இரண்டு உலகம். பழைய எண் கையில் வந்ததும் செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணய) பதிவேட்டையும் ரீசெட்டில்மென்ட் (மறு நிர்ணய) பதிவேட்டையும் கேட்கலாம், அலுவலகங்களில் எஸ்.எல்.ஆர்., ஆர்.எஸ்.ஆர். என்பார்கள். முதலாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி, இரண்டாவது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் பட்டாதாரர் பெயர் எழுதியிருக்கும். கலெக்டர் அலுவலக ஆவண அறையிலும், பழைய சேலம் ஜில்லாவுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் விசாரிக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டு ‘இல்லை’ என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள். கிராமம், பழைய சர்வே எண், எந்தப் பதிவேடு என்று மூன்றையும் தெளிவாக எழுதினால்தான் பதில் உருப்படியாக வரும்.

எங்கள் நிலத்துக்கு இரண்டு பதிவேட்டையும் பார்க்க முடிந்தது. பழையதில் அந்த எண் தரிசு. பிந்தையதில் என் தாத்தாவின் தாத்தா பெயரும் அவர் அண்ணன் பெயரும் கூட்டுப் பட்டாவாக இருக்கின்றன. அண்ணன் ஒருவர் இருந்தார் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். முதல் கணக்குக்கும் இரண்டாம் கணக்குக்கும் நடுவில் எங்கோ அவர்கள் வந்து தரிசைத் திருத்தியிருக்கிறார்கள். தாது வருடக் கதைக்கு இது இரண்டாவது சாட்சி.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பகுதியில் மிட்டாக்கள் நிறைய. பழைய சேலம் ஜில்லாவில் 1802-03ல் கிராமங்களை மிட்டாக்களாக, அதாவது சிறு ஜமீன்களாக, பிரித்து மிட்டாதார்களிடம் கொடுத்தார்கள். ஓசூர்ப் பக்கம் சூளகிரி, பாகலூர், பேரிகை பாளையக்காரர்கள் வேறு. மிட்டா கிராமமாகவே நீடித்த ஊர்களில் குடியானவர் பெயர் சர்க்கார் கணக்கில் இருக்காது. மிட்டாதார் வீட்டுக் கணக்கில் இருந்திருக்கும். 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மென்ட்தான் அங்கே முதல் பெயர்ப் பட்டியல். ஊழியத்துக்காகவோ மானியமாகவோ கொடுத்த இனாம் நிலம் வைத்திருந்த குடும்பங்களுக்கு மட்டும் ஒரு பெரிய வரம் உண்டு. 1858ல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டில் இனாம்தாரர் பெயர், வயது, முதலில் இனாம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். கோயில் பூசாரி, கர்ணம், மேளக்காரர், ஊர் ஊழியம் செய்தவர்கள் வம்சத்தில் வந்தவர்கள் இதைக் கட்டாயம் தேட வேண்டும்.

தேதிகளைப் பற்றி. நிலக் கணக்கு பசலி என்னும் வரி ஆண்டில் ஓடும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருடம். ஜூலை 1 முதல் மறு வருடம் ஜூன் 30 வரை. பசலி 1329 என்றால் 1919 ஜூலை முதல் 1920 ஜூன் வரை. பத்திரங்களில் தமிழ் வருடம் வரும். அது அறுபது வருடத்துக்கு ஒரு முறை திரும்பும் என்பதால், சித்திரபானு என்று மட்டும் இருந்தால் 1882-83ஆ, 1942-43ஆ என்று முத்திரைத் தாளையும் ஆட்களின் வயதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். தமிழ் எண்களும் ௳, ௴, ௵ என்ற நாள், மாத, வருடக் குறிகளும் ஒரு மாலை நேரத்தில் பழகிவிடும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னடப் பத்திரங்களும் வரும். அந்த மொழி பேசும் பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க் கணக்கு வைத்திருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980ல் ஒழிக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களில் பரணில் இன்னும் சில நகல்கள் இருக்கக்கூடும். பரம்பரையாக வந்த வேலை போன வருத்தம் அந்த வீடுகளில் ஆறாமல் இருக்கும். மரியாதையோடு போங்கள், வாங்கிக்கொண்டு வர நினைக்காதீர்கள், அங்கேயே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சார்பதிவாளர் அலுவலகம்

வில்லங்கச் சான்று இப்போது பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதல். அதற்கு முன்னால் வேண்டுமானால் நேரில் மனு போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். சொத்துப் பத்திரங்கள் ஒன்றாம் புத்தகத்தில் இருக்கும். அதன் அட்டவணையை யாரும் கட்டணம் கட்டிப் பார்வையிடலாம். உயில் மூன்றாம் புத்தகம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகலை மற்றவர்களுக்குத் தரமாட்டார்கள், இறந்த பிறகு யாரும் கேட்கலாம். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் கொண்டாடுங்கள். அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும், சில நேரம் செத்துப்போனவர்களும், யாருக்கு எந்தக் கிணற்றில் எத்தனை நாள் முறை என்பது வரைக்கும் அதில் இருக்கும்.

ஆறாம் படி: ஊரே எழுதிய கணக்குகள்

குலதெய்வக் கோயிலுக்குப் போங்கள். பங்காளிகள் கூடுகிற நாளில் போனால் இன்னும் நல்லது. கோயிலில் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு யாரோ ஒருவர் வீட்டில் இருக்கும். கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. ஒரு வருட நோட்டில் இல்லாத பெயர் அடுத்த நோட்டில் வந்தால் அந்த இடைவெளியில் அவருக்குக் கல்யாணம். பெயர் நின்றுபோனால் இறந்திருக்கலாம், ஊரை விட்டுப் போயிருக்கலாம். தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயில் நோட்டில்தான், ‘கிழக்கே போனவங்க’ என்று எங்கள் வகையறாவைத் தனியாகக் குறித்திருந்தார்கள். இங்கே நாங்கள் மேக்கத்தியார். அங்கே நாங்கள் கிழக்கே போனவர்கள்.

அரூர், ஊத்தங்கரைப் பக்கம் பல குடும்பங்கள் வேடியப்பன் என்று கும்பிடுவது பழைய நடுகற்களை. அந்தக் கல் உங்கள் பாட்டனுடையது என்று ஆவணத்தால் காட்ட முடியாது. ஆனால் எந்தெந்த வகையறா அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைக்கிறது என்பதை எழுதினால் பங்காளிகள் பட்டியல் கிடைத்துவிடும்.

மொய் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஊர், அப்பா பெயர், ஆள் பெயர் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேரும் ஒரே இரவில் ஒரே கையெழுத்தில் பதிவான ஏடு அது. 1960களின் ஒரு மொய் நோட்டிலிருந்து எங்களுக்குப் பெண் கொடுத்த, எடுத்த பதினோரு ஊர்களின் பெயரை எடுத்தேன்.

வாக்காளர் பட்டியலும் இந்த வகைதான். 2025 கடைசியில் தீவிரத் திருத்தம் வந்தபோது 2002, 2005 பட்டியல்களில் பெயர் தேடியது பலருக்கு நினைவிருக்கும். வீட்டு எண், பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது என்று வரிசையாக வரும் அந்தப் பட்டியலில் ஒரு தெருவை முழுக்கப் படித்தால் பங்காளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். தேர்தல் அதிகாரியின் தளத்தில் இருப்பதைத் தரவிறக்கி இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் எல்லாவற்றையும்விடச் சிறந்தவை. கோவிலூர், எலத்தகிரி போன்றவை பழைய பங்குகள். தருமபுரி மறைமாவட்டம் 1997ல் தான் வந்தது என்பதால் பழைய மேலிடக் கடிதங்களுக்குச் சேலத்தில் கேட்க வேண்டும். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர், அதாவது திருமணப் பதிவேடு, இருக்கிறது.

ஊரை விட்டுப் போனவர்கள்

ஒரு பெயர் நடுவில் மறைந்தால் கோலார் தங்கவயலையும் பெங்களூரையும் முதலில் நினையுங்கள். சுரங்கம் 2001ல் மூடும்வரை நம் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே இருந்தன. ‘கேஜிஎஃப் மாமா’ இல்லாத வகையறா குறைவு. கப்பலேறியவர்கள் என்றால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கப்பல் பட்டியல்களைப் பாருங்கள். 1860 முதல் 1911 வரை அங்கே போன ஒன்றரை லட்சம் பேருக்கும் பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் எழுதப்பட்டது. சேலம் ஜில்லா என்று தேட வேண்டும்.

ஏழாம் படி: எழுதி வைப்பது

ஒரு செய்தியை எழுதும்போது பக்கத்திலேயே யார் சொன்னது, எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், நான் பார்த்த தேதி என்று எழுதுங்கள். வாய்ச்சொல்லையும் ஆவணத்தையும் வேறு வேறு மையில் எழுதினால் பின்னால் குழம்பாது. ஒன்றை இரண்டு தனித்தனி இடம் சொன்னால்தான் நான் உறுதி என்று குறிப்பேன். சாதி, நிலத் தகராறு, இரண்டாம் தாரம் போன்றவை தெரியவரும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றியதை வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். 2027 மார்ச் 1 ஐ அடிப்படையாகக் கொண்ட சென்சஸ் வருகிறது. கணக்கெடுப்பாளருக்குப் பதில் சொல்லும் அன்றே அதே கேள்விகளுக்கான பதிலை உங்கள் நோட்டிலும் வீட்டில் உள்ள எல்லோர் பெயரோடும் எழுதிவிடுங்கள். சர்க்கார் பூட்டி வைக்கும் அந்தப் படிவத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கும்.

எட்டாம் படி: பெண்கள்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு முன்னால் சொன்ன எல்லாம் கைவந்தால்தான் இது கைகூடும். பட்டாவில் பெண் பெயர் இல்லை, தலைக்கட்டு நோட்டில் இல்லை. எங்கள் நோட்டில் நான்கு தலைமுறை ஆண்கள் வந்த பிறகும், அவர்களைப் பெற்றவர்கள் இருந்த இடத்தில் வெறும் கோடுதான் இருந்தது.

பெண்கள் தென்படும் இடங்கள் சில உண்டு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் மனைவியும் மகள்களும் வந்தே தீர வேண்டும். 1989ல் தமிழ்நாட்டில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்த பிறகு, அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரங்கள் பெருகின. பங்கை விட்டுக்கொடுத்த அந்தக் கையெழுத்துகளில்தான் எத்தனையோ அத்தைகளின் முழுப் பெயரும் புகுந்த ஊரும் முதல்முறையாகப் பதிவாகியிருக்கின்றன. மொய் நோட்டில் தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று பாருங்கள். அது அந்த வீட்டு அம்மாவின் பிறந்த ஊர். இன்னும் பழைய காலத்துக்கு, கணவனை இழந்து சிறுபிள்ளைகளோடு நின்ற தாய்மார்களைத் தேடுங்கள். கடன் வாங்கவோ நிலத்தை அடமானம் வைக்கவோ அவர்கள் கைநாட்டு வேண்டியிருந்தது. ‘மைனர் இன்னாருக்குத் தாயும் கார்டியனுமான’ என்று தொடங்கும் பத்திரம் அதுதான்.

1920களின் தொடக்கத்தில் பதிவான அப்படி ஒரு அடமானப் பத்திரத்தின் நகல் எனக்குக் கிடைத்தது. சர்வே எண் எங்களுடையது. மைனர், என் தாத்தாவின் அப்பா. கார்டியனாக ரேகை வைத்தவர் பெயர் நஞ்சம்மாள். நகலை எடுத்துக்கொண்டு நேரே ஆயாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். காது மந்தம் என்பதால் இரண்டு முறை உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “உங்க பெரியத்த பொறந்தப்போ நான் வேற பேரு நெனச்சு வெச்சிருந்தேன். மாமனாரு திண்ணைய விட்டு எழுந்து வந்து, நஞ்சம்மான்னுதான் கூப்பிடணும்னாரு. ஏன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல.”